வற்றக் காய்ச்சிய தண்ணீர்

விமலேஸ்வரியின் வீட்டில் பச்சைத் தண்ணீர் கேட்டால் கிடைக்காது. உச்சி வெயிலில் நாக்கு வறண்டு வந்தவராக இருந்தாலும் கிணற்றடி வாளியில் வாய் வைக்க விடமாட்டாள். “இருங்கோ, காய்ச்சி ஆறின தண்ணி இருக்கு” என்று குசினிக்குள் ஓடுவாள். அவள் கொண்டுவரும் செம்பில் ஒரு மிடறு குடித்தவர்கள் அடுத்த மிடறுக்கு யோசிப்பார்கள். உவர்ப்பும் கயர்ப்புமாகத் தொண்டையில் நிற்கும் தண்ணீர் அது. பக்கத்து வளவு ராஜினிக்கு வாய் சும்மா இராது. “விமலக்கா, உங்கட தண்ணியைக் குடிக்கிறதுக்கும் ஒரு துண்டு பனங்கட்டி கடிக்கோணும்” என்று முகத்துக்கு நேரேயே சொல்வாள்.

விமலேஸ்வரி சிரித்துவிட்டு விடுவாள். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். தண்ணீர் காய்ச்சுவது அவளுக்குச் சமையலில் சேர்ந்த வேலை அல்ல. செத்துப்போன பிள்ளைக்கு அவள் செய்துகொண்டிருந்த கடமை அது.

நெடுங்கேணியிலிருந்து உள்ளே போகவேண்டும் அவர்களுடைய ஊருக்கு. ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து குளத்தை நம்பி வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள்தான் அங்கே இருக்கிறார்கள். விமலேஸ்வரியின் புருசன் மயில்வாகனமும் அப்படித்தான். நெல்லைத் தவிர வேறு கதை தெரியாத மனிதர். காலையில் வயலுக்குப் போனால் மத்தியானம் வருவார், சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் போவார். வெயில் என்று ஒருநாள் சொன்னதில்லை, களைப்பு என்று ஒருநாள் படுத்ததில்லை.

யுத்தம் முடிந்த வருடம் அவர்களும் முள்ளுக்கம்பி முகாமில் இருந்தார்கள். மகள் கிருசாந்திக்குப் பத்து வயது. மகன் சுஜிதன் முதலாம் வகுப்புக்குப் போகவேண்டிய வயது, போவதற்குத்தான் பள்ளிக்கூடம் இல்லை. காலையும் மாலையும் ஒலிபெருக்கியில் ஒரே அறிவிப்பு: கொதித்தாறிய நீரையே பருகுங்கள். சொல்வதற்கென்ன, சொல்லலாம். விறகுக்கு எங்கே போவது? ஒருநாள் ஒரு சுள்ளிகூடக் கிடைக்கவில்லை. பிள்ளை தண்ணி தண்ணி என்று காலைக் கட்டிக்கொண்டு அழுதான். தாங்கியில் பிடித்துவந்த தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. ஒரு பேணியில் அப்படியே வார்த்துக் கொடுத்துவிட்டாள்.

அதன் பிறகு வயிற்றோட்டம். கண் குழி விழுந்து, உதடு வெடித்து, பிள்ளை ஒரு துணி மாதிரித் துவண்டு போனான். மருந்துக் கூடாரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திரும்பி வரும்போது மயில்வாகனத்தின் கை வெறுங்கையாக இருந்தது.

முகாமில் எத்தனையோ பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது. எந்தத் தண்ணீரால், எந்த ஈயால் என்று யார் கண்டது? ஆனால் தாயின் மனம் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பிறகு யார் சொல்லி விடுவிப்பது? “அந்த ஒரு பேணித் தண்ணிதான்” என்று விமலேஸ்வரி முடிவு கட்டிவிட்டாள். இனி என் வீட்டில் ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர் ஒருவர் வாயிலும் படாது என்று அங்கேயே நினைத்தாள். நினைத்தபடியே நடந்தாள். பாவி, அதில்தான் எல்லாம் வந்து சேர்ந்தது.

ஊர் திரும்பியதும் தூர்ந்து கிடந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கினார்கள். தண்ணீர் கண்ணாடி போல ஊறியது. ஆனால் வாயில் வைத்தால் சவர். சவர்க்காரம் போட்டால் நுரைக்காது, பருப்புப் போட்டால் அவியாது. அந்தப் பக்கத்துக் கிணறுகள் பலதும் அப்படித்தான், கல்லுக்குள்ளால் வரும் தண்ணீர் கல்லையும் கரைத்துக்கொண்டுதான் வருகிறது. விமலேஸ்வரிக்கு அது பெரிய விசயமாகப் படவில்லை. கிருமி போனால் போதும்.

அவள் தண்ணீர் காய்ச்சுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். வாயகன்ற அலுமினியச் சட்டியை நிரப்பி அடுப்பில் ஏற்றுவாள். முதலில் சட்டியின் அடியில் கடுகு கடுகாகக் குமிழிகள் ஒட்டும். அது கொதி அல்ல, தண்ணீருக்குள் கரைந்து கிடந்த காற்று சூடு பட்டு வெளியே வருகிறது. பிறகு சட்டி இரையத் தொடங்கும். அடியில் பிறக்கும் ஆவிக்குமிழி மேலே வரப் பார்க்கும், மேல் தண்ணீரில் இன்னும் அவ்வளவு சூடு இல்லை, வழியிலேயே அமுங்கி உடைந்துபோகும். அந்த உடைசல்தான் இரைச்சல். பிறகு இரைச்சல் தணிந்து, சட்டி முழுக்கப் பொங்கிப் புரளும். ஊரில் மற்றப் பெண்கள் அந்த இடத்தில் சட்டியை இறக்கிவிடுவார்கள். விமலேஸ்வரியோ அந்த இடத்தில்தான் இன்னும் இரண்டு விறகைத் தள்ளுவாள்.

“கொதி வந்த உடனை கிருமி மயங்கித்தான் கிடக்கும். கசாயம் மாதிரி வத்தவிட்டாத்தான் சாகும்” என்பது அவளுடைய கணக்கு. கஞ்சி காய்ச்சுபவளுக்கும் கசாயம் காய்ச்சுபவளுக்கும் வற்றினால் சத்து என்பதுதானே தெரியும். சட்டியில் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குப் பிடிக்கும். அதைக் கத்தியால் சுரண்டி எடுத்து ராஜினிக்குக் காட்டுவாள். “பார், எவ்வளவு ஊத்தையை எடுத்திருக்கிறன்!” என்பாள். அந்தப் பொருக்கைப் பார்க்கும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அன்றைக்குச் செய்யாததை இன்றைக்காவது செய்துகொண்டிருக்கிறேன் என்ற நிம்மதி.

மயில்வாகனம் ஒரு முறுமுறுப்பும் இல்லாமல் அதைக் குடித்தார். வயலுக்கும் ஒரு பெரிய போத்தலில் கொண்டு போவார். வெயிலில் நிற்கிற மனிதர், ஊரில் அவர் குடித்த அளவுக்கு யாரும் தண்ணீர் குடித்திருக்கமாட்டார்கள்.

பிறகு அவருக்குக் கால் வீங்கத் தொடங்கியது. வரம்பில் நடக்கும்போதே குந்தி இருந்துவிடுவார். சாப்பாட்டில் மனம் இல்லை. வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், திரும்ப வரச் சொன்னார்கள். இரண்டு சிறுநீரகமும் பழுதாகிக்கொண்டு வருகிறது என்றார்கள். அந்தப் பக்கத்தில் அது புது நோய் அல்ல. சீனி வருத்தமும் இல்லாமல் பிரசரும் இல்லாமல் வயல் செய்கிற ஆம்பிளைகளைத் தேடிப் பிடிக்கிற வருத்தம். வார்ட்டில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவரும் வயல்காரர்தான்.

“குடிக்கிற தண்ணியிலை கவனமாய் இருங்கோ” என்று அங்கே ஒரு தாதி சொல்லிவிட்டாள். நல்ல மனத்தோடுதான் சொன்னாள். விமலேஸ்வரி காதில் அது எப்படி விழுந்தது தெரியுமா? இன்னும் காய்ச்சு என்று விழுந்தது. வீட்டுக்கு வந்தவள் அன்றிலிருந்து சட்டித் தண்ணீர் பாதியாக வற்றும்வரை அடுப்பை விட்டு அசையவில்லை. காட்டுக்குப் போய்ப் பாலை விறகும் வீரை விறகும் தலைச்சுமையாகக் கொண்டுவந்தாள். புகையில் கண் சிவந்தது. கை வெந்தது. அவர் பிழைத்தால் போதும் என்று வற்ற வற்றக் காய்ச்சினாள்.

அந்த நாட்களில்தான் சந்தியில் தண்ணீர் வடிகட்டும் மெசின் ஒன்று வந்தது. சனம் பிளாஸ்டிக் கான்களோடு போய் வரிசையில் நின்றது. ராஜினி வேலிக்கு மேலால் கூப்பிட்டுச் சொன்னாள். “விமலக்கா, அந்தத் தண்ணி இளநி மாதிரி இருக்கு. அண்ணைக்கும் ஒரு கான் எடுங்கோவன்.”

“காய்ச்சாத தண்ணியோ?”

“அதைக் காய்ச்சத் தேவையில்லையாம்.”

“ஒலிபெருக்கியிலை சொன்னதைக் கேளாமல் ஒருக்காப் பச்சைத் தண்ணி குடுத்தனான், ராஜினி. இனியும் என்னைக் குடுக்கச் சொல்லாதை.”

ராஜினி வேலியை விட்டுத் தன் வளவுக்குள் திரும்பினாள். சுஜிதனின் பெயர் வந்தால் அந்த வளவில் எல்லாக் கதையும் நின்றுவிடும். வரிசையில் நின்ற கான்களைப் பார்க்கும்போதெல்லாம் முகாமின் தாங்கிதான் விமலேஸ்வரிக்குக் கண்ணில் தெரிந்தது.

மயில்வாகனத்துக்கு இரத்தம் சுத்திகரிக்கிற நிலை வந்தது. கிழமைக்கு இரண்டு தரம் பஸ்ஸில் வவுனியாவுக்குப் போகவேண்டும். வரும்போது அவரைத் தாங்கிப் பிடித்து இறக்கவேண்டும். வயலை ராஜினியின் புருசன் பார்த்துக்கொண்டான். தண்ணீரையும் அளந்துதான் குடிக்கவேண்டும் என்றார்கள், உள்ளே போவது வெளியே வர வழியில்லாமல் போய்விட்டது. ஆசை தீரத் தண்ணீர் குடித்த மனிதருக்கு இப்போது நாளுக்கு ஒன்றிரண்டு பேணி. அதையாவது சுத்தமாகக் கொடுக்கவேண்டும் என்று அவள் அந்தப் பேணிக்காகவும் ஒரு சட்டித் தண்ணீரை வற்றக் காய்ச்சினாள்.

பள்ளிக்கூட விடுமுறைக்குக் கிருசாந்தி வந்தாள். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். அவள் வளர்ந்ததும் அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான். பிறந்த வீட்டு அடுப்பை யார் கேள்விக் கண்ணோடு பார்க்கிறார்கள்? அன்றைக்கு என்னவோ குசினி வாசலில் நின்று, சட்டி பாதியாகும்வரை தாய் விறகு தள்ளுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அம்மா, எப்பவோ கொதிச்சிட்டுது. இறக்குங்கோவன்.”

“விசர்க் கதை கதையாதை, பிள்ளை. இன்னும் சூடு ஏறோணும்.”

“இனி ஏறாதம்மா. நீங்கள் காட்டையே வெட்டி எரிச்சாலும் ஏறாது.” கிருசாந்தி சிரித்துக்கொண்டுதான் தொடங்கினாள். வகுப்பில் சொல்லிச் சொல்லி வாயில் பழகிய பாடம். “தண்ணிக்கு மேலை காத்து அமத்திக்கொண்டு நிக்குது. சூடு ஏற ஏறத் தண்ணி ஆவியாய் உள்ளுக்கிருந்து தள்ளும். அந்தத் தள்ளலும் காத்தின்ரை அமத்தலும் சரிசமனாய் வந்த உடனை குமிழி உடையாமல் மேலை வரும். அதுதான் கொதி. அதுக்குப் பிறகு நீங்கள் வைக்கிற நெருப்பெல்லாம் தண்ணியைச் சூடாக்கப் போறேல்லை, ஆவியாக்கித்தான் அனுப்பும்.”

“அப்ப கிருமி?”

“அது கொதிச்சுக் கொஞ்ச நேரத்திலையே செத்துப்போம். பிறகு நீங்கள் அடுப்பில வைச்சிருந்தா தண்ணிதான் போகும். ஆவியாய்ப் போறது தனித் தண்ணி, அம்மா. உப்பு, மற்றச் சாமான் ஒண்டும் அதோடை எழும்பிப் போகாது. அதெல்லாம்...”

கிருசாந்தி நிறுத்திவிட்டாள். முற்றத்து வேப்பமரத்தின் கீழே சாய்மனைக் கதிரையில் தகப்பன் வீங்கின காலை நீட்டிக்கொண்டு கிடந்தார். சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே செத்துப்போனது.

“சொல்லன். அதெல்லாம் எங்கை போகும்?” என்று விமலேஸ்வரி கேட்டாள்.

மகளின் கண் சட்டிக்குப் போனது.

“சட்டியிலை பொருக்காய்ப் பிடிக்குதே. அதோடை போயிடுந்தானே?”

“அது கொஞ்சச் சுண்ணாம்பு, அம்மா. எல்லாம் அப்பிடிப் பிடிக்காது.”

விமலேஸ்வரி எழும்பினாள். ஒரு மூடியை எடுத்துச் சட்டியின் மேல் பிடித்தாள். ஆவி மூடியில் பட்டு முத்து முத்தாகத் துளிர்த்தது. அதைச் சரித்து ஒரு கரண்டியில் ஏந்தி, ஊதி, நாக்கில் விட்டாள். ஒரு ருசியும் இல்லை. மழைத் தண்ணீர் போல இருந்தது. பிறகு சட்டியில் ஒரு கரண்டி மொண்டு ஆறவைத்து நாக்கில் விட்டாள். இத்தனை வருடமாகக் குடித்துப் பழகிய நாக்கு. இருந்தும் அந்த மழைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்தபோது அது கைத்தது.

நல்ல தண்ணீர் எல்லாம் புகைக்கூட்டுக்குள்ளால் வானத்துக்குப் போய்விட்டது. மிஞ்சியதைத்தான் அவள் மனிதருக்கு வார்த்துக் கொடுத்தாள். போத்தலில் நிரப்பி, மூடி இறுக்கி, வயலுக்கும் கொடுத்துவிட்டாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் அப்படியே இருந்துவிட்டாள். “அம்மா, அதாலைதான் வந்தது எண்டில்லை, அம்மா” என்று கிருசாந்தி தோளைப் பிடித்து அழுதாள். ‘நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதினேனே, என் வீட்டுச் சட்டிக்குள் ஒருநாள் எட்டிப் பார்த்தேனா’ என்று அவளுக்கு வேறு ஒரு நெருப்பு.

அடுத்த முறை வவுனியாவுக்குப் போனபோது விமலேஸ்வரி டொக்டரிடம் நேரேயே கேட்டாள். சின்ன வயதுப் பெண் டொக்டர், பொறுமையாகக் கேட்டாள். “இந்த வருத்தம் ஏன் வருது எண்டு இன்னும் முழுசாய்க் கண்டுபிடிக்கேல்லை, அம்மா. தண்ணியாயும் இருக்கலாம். வெயிலாயும் இருக்கலாம், வயலுக்கு அடிக்கிற மருந்தாயும் இருக்கலாம். எல்லாம் சேர்ந்தும் இருக்கலாம். நீங்கள் காய்ச்சினதாலைதான் எண்டு ஒருத்தராலையும் சொல்ல ஏலாது.”

“இல்லை எண்டு சொல்ல ஏலுமோ, பிள்ளை?”

டொக்டர் அவளுடைய முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “அதையும் சொல்ல ஏலாது, அம்மா” என்றாள்.

சுஜிதனுக்குக் காய்ச்சாமல் கொடுத்தாள். இவருக்குக் காய்ச்சிக் கொடுத்தாள். ஒருத்திக்கு இதற்கு மேல் என்ன நடக்கவேண்டும்? பஸ்ஸில் திரும்பி வரும்போது அவரிடம் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தாள். அவர் வாய்க்கு வந்தபடி ஏசவேண்டும், அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவேண்டும், அப்படியாவது நெஞ்சில் இருக்கிற பாரம் கொஞ்சம் இறங்கட்டும். ஆனால் அவர் அவளுடைய தோளில் தலையைச் சாய்த்து நித்திரையாகிப் போனார். புளியங்குளம் தாண்டியும் எழும்பவில்லை. அவள் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

சந்திக்குப் போய் ஒரு கான் வடிகட்டின தண்ணீர் வாங்கிவந்தாள். ராஜினி கண்டும் காணாததுபோல் இருந்தாள். பேணியில் வார்த்து அவரிடம் கொடுத்தபோது மயில்வாகனம் பேணியை வாங்காமல் கானைப் பார்த்தார்.

“காய்ச்சினனீரோ?”

“இது காய்ச்சத் தேவையில்லாத தண்ணியப்பா. எல்லாரும் குடிக்கினம்.”

“எங்கட பொடியன் போனது மறந்துபோச்சோ உமக்கு?”

கோபமாகக் கேட்கவில்லை. பயந்து கேட்டார். அந்தப் பயத்தை அந்த வீட்டில் வளர்த்ததும் அவள்தானே. கானைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். கதிரையை வாசலுக்கு இழுத்துப்போட்டு அவரை இருத்தி, அவர் பார்க்கவே அந்தத் தண்ணீரைச் சட்டியில் ஊற்றி அடுப்பு மூட்டினாள். குமிழி வந்தது, இரைந்தது, பொங்கிப் புரண்டது. அவள் சட்டியை இறக்கினாள்.

“இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டுமப்பா” என்றார்.

“காணும். விறகு ஈரம்” என்று பொய் சொன்னாள்.

ஆறவைத்துக் கொடுத்தாள். அவர் ஒரு மிடறு குடித்தார். வாய்க்குள் வைத்துக்கொண்டு யோசித்தார். விழுங்கினார்.

“முந்தின ருசி இல்லை. முந்தி எவ்வளவு நேரம் நிண்டு காய்ச்சுவீர்.”

இப்போது சொல்லிவிடலாம், இதுதான் நேரம். விமலேஸ்வரி வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் கையை நீட்டி, புகையில் கறுத்துப்போன அவளுடைய விரல்களைப் பிடித்தார்.

“பரவாயில்லை. நீரும் எத்தினை காலத்துக்கெண்டு என்னைப் பார்ப்பீர். களைச்சுப்போனீர், பாவம். நான் ஒண்டும் நினைக்கேல்லை.”

செய்யாத பிழைக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. செய்த பிழையை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது? அவள் தலையைக் குனிந்துகொண்டு “ஓமப்பா” என்றாள். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அந்தத் தண்ணீரையே கொடுத்தாள். ஒவ்வொரு நாளும் அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, ருசி குறைந்துபோன மனைவியைப் பொறுத்துக்கொள்கிற மனிதராக மெல்லச் சிரித்தார். அந்த மாரி தொடங்க முன்னமே போய்விட்டார்.

எட்டாம் நாள் எட்டுச் செலவுக்குச் செத்தவருக்கு விருப்பமானதை எல்லாம் வைத்துப் படைப்பது வழக்கம். ராஜினி மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொண்டுவந்தாள். கிருசாந்தி பால்ரொட்டி சுட்டாள். வாழையிலை விரித்து ஒவ்வொன்றாக வைத்தார்கள். விமலேஸ்வரியைக் காணவில்லை. தேடிக்கொண்டு போன கிருசாந்தி குசினி வாசலில் நின்றுவிட்டாள்.

கிணற்றில் அள்ளிய தண்ணீர் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் வற்றிவிட்டது. ஓரத்தில் வெள்ளைப் பொருக்குப் பிடித்திருந்தது. விமலேஸ்வரி ஒரு வீரை விறகை உள்ளே தள்ளினாள்.

“அம்மா!” என்றாள் கிருசாந்தி.

“இதுதான் அவருக்கு ருசி, பிள்ளை. இனி அவரை இது என்ன செய்யப்போகுது?”

இன்னும் கொஞ்சம் வற்றவிட்டு, இறக்கி, ஆறவைத்து, அவருடைய பேணியில் நிறைய வார்த்துக் கொண்டுபோய் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.